மாட்டுக்குப் பார்த்த பிரசவம் நாய்க்கு உதவாது

கேள்வி: டாக்டரம்மா, எங்களுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் நாலு கறவை மாடு, ஜூலி என்று ஒரு பொமரேனியன் பெட்டை, ஒரு பெர்ஷியன் பூனை. போன வருஷம் ஜூலிக்கு முதல் ஈத்து. ராத்திரி பத்து மணிக்கு முக்க ஆரம்பித்து, பன்னிரண்டு மணிக்கு இரண்டு பின்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. மாமா மாட்டுக்குப் பிரசவம் பார்த்துப் பழகியவர். "தலைகீழா வருது" என்று காலைப் பிடித்து இழுத்தார். குட்டி செத்தே வந்தது. அதோடு வலியும் நின்றுவிட்டது. தொழுவத்தில் இருந்த, பிரசவ வலி வரவைக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தோம். விடிந்ததும் மிருகாசுபத்திரிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பி, ஆபரேஷன் செய்து ஒரு குட்டியைத்தான் உயிரோடு எடுத்தார்கள். இப்போது ஜூலி மறுபடி சினை, இணை சேர்த்து 40 நாள் ஆகிறது. இந்தத் தடவை வீட்டில் எப்படிப் பார்ப்பது, என்ன மருந்து வாங்கி வைப்பது? ஒரு தடவை ஆபரேஷன் ஆனால் இனி எப்போதும் ஆபரேஷன்தானா? பூனையும் போன ஈத்தில் இரண்டு குட்டி போட்டுவிட்டு, மூன்றாவதை மறுநாள் மத்தியானம்தான் போட்டது. அதுவும் ஆபத்தா?

பதில்: உங்கள் மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் சித்தூர் தாலுகாவில் மாடு இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கன்று கோணலாக வந்தால் கையை உள்ளே விட்டுத் திருப்பி, காலில் கயிறு மாட்டி, இரண்டு பேர் சேர்ந்து இழுத்து எடுத்த அனுபவம் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கும் உண்டு. பொள்ளாச்சிப் பக்கமும் இதே கதைதான். என்னிடம் வரும் கஷ்டப் பிரசவ நாய்களில் பல, வீட்டில் மாட்டு வைத்தியம் முடிந்த பிறகுதான் வருகின்றன. மாட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நாயைப் பற்றிச் சொல்லிப் புரியவைப்பது, ஒன்றும் தெரியாதவர்களுக்குச் சொல்வதைவிடக் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பசுவுக்குப் பெரும்பாலும் ஒரே கன்று. முன்னங்கால் இரண்டும் மூக்கும் முதலில் வர வேண்டும். பின்னங்கால் முதலில் வரும் கன்று நூற்றுக்கு ஐந்து இருக்கலாம், அது வந்தால் பதற்றப்படுவது சரிதான். நாய்க்குட்டி அப்படியில்லை. நூறு குட்டியில் நாற்பது வரை பின்னங்கால் முன்னால் வரத்தான் பிறக்கின்றன. அது கோணல் பிரசவமே அல்ல. மாமா பார்த்தது தலைகீழ்க் குட்டி இல்லை, சாதாரணக் குட்டி. நாய்க்குட்டியில் உண்மையிலேயே கோணல் என்றால் பின்னங்கால்கள் வயிற்றுப் பக்கம் மடங்கிப் போய், வாலும் புட்டமும் மட்டும் வந்து அடைப்பது, அல்லது தலை பக்கவாட்டில் திரும்பி நிற்பது.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் பெரியது. பசுவுக்குள் முழங்கை வரை கை போகும். ஜூலி மாதிரி நாய்க்கு ஒரு விரல் போவதே அதிகம். நாயின் கர்ப்பப்பை இரண்டு நீளமான குழாய்களாகப் பிரிந்து வயிற்றுக்குள் வளைந்து கிடக்கும், குட்டிகள் அதில் வரிசையாக இருக்கும். வாசலில் அடைத்திருப்பதைத்தான் நம் விரலால் தொட முடியும். உள்ளே தூரத்தில் இருக்கும் குட்டி இறங்காமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கர்ப்பப்பை சோர்ந்து சுருங்க மறுப்பது. அதை எந்தக் கையும் சரி செய்யாது. கஷ்டப் பிரசவம் என்று கிளினிக்குக்கு வரும் சின்ன நாய்களில் பாதிக்கு மேல் கடைசியில் ஆபரேஷனில் முடிவது இதனால்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நேரத்தோடு வந்த ஆபரேஷனில் தாயும் குட்டிகளும் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க முக்கிய பிறகு வருவதில்தான் இழப்பு. அதனால் இந்தத் தடவை உங்கள் வீட்டில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஆள் மாமாவாகவே இருக்கட்டும், பொறுமைசாலி என்று தெரிகிறது.

நாற்பது நாள் ஆன ஜூலிக்கு இனிமேல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இணை சேர்த்து 55 நாள் தாண்டியதும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். சுமார் 45 நாளுக்குப் பிறகுதான் குட்டிகளின் எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும். இன்னும் பத்து நாள் போனால் தலையையும் முதுகெலும்பையும் தெளிவாக எண்ணலாம். கடைசி வாரத்தில் ஒரு எக்ஸ்ரேயால் குட்டிக்குக் கெடுதல் இல்லை. ஸ்கேன் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று காட்டும், எண்ணிக்கையில் ஏமாற்றும். எத்தனை குட்டி என்று தெரியாமல் பிரசவம் பார்த்தால், முடிந்ததா இல்லையா என்பதே தெரியாது. போன வருஷம் உள்ளே இன்னும் குட்டி இருக்கிறது என்பது உங்களுக்கு அந்த ராத்திரியே உறுதியாகத் தெரிந்திருந்தால் விடியும் வரை காத்திருப்பீர்களா?

எக்ஸ்ரேயில் ஒரே ஒரு குட்டி தெரிந்தால் அது நல்ல செய்தி இல்லை. பிரசவ வலியைத் தொடங்கி வைக்கும் சமிக்ஞை குட்டிகளிடமிருந்தும் வருகிறது. ஒற்றைக் குட்டி கொடுக்கும் சமிக்ஞை சில சமயம் போதாமல் போய் வலியே வராது. அந்தக் குட்டிக்குச் சாப்பாட்டுக்குப் போட்டி இல்லாததால் பெரிதாகவும் வளர்ந்திருக்கும். அப்படித் தெரிந்தால் தேதி குறித்து ஆபரேஷன் செய்வது பற்றி உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தலை பெரிதாக, முகம் சப்பையாக உள்ள பக், பிரெஞ்சு புல்டாக் வளர்ப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளலாம். பிரிட்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் இனங்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஈத்துகள் ஆபரேஷனில் பிறந்தன. அந்த இனங்களை வைத்துக்கொண்டு "இயற்கையா பிறக்கட்டும்" என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அவை ஐந்தாறு கிலோ இருக்கும், பிரசவம் ஓரளவு சுலபம். அசல் பொமரேனியன் இரண்டு மூன்று கிலோதான், அதற்கு ஆபத்து அதிகம். ஜூலியின் எடையை எழுதவில்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது எடையும் பார்த்துவிடுங்கள்.

இனி நாள் கணக்கு. நாய்க்கு 63 நாள் என்று எல்லோரும் சொல்வது கருமுட்டை வெளிவந்த நாளிலிருந்து. கடுவனின் விந்து பெட்டையின் உடம்புக்குள் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கும் என்பதால், இணை சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ஆகலாம். 63 ஆகிவிட்டதே என்று பயப்படவும் வேண்டாம், 72 தாண்டியும் சும்மா இருக்கவும் வேண்டாம்.

தேதியைவிட நம்பக்கூடியது தெர்மாமீட்டர். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், நுனியில் வாஸ்லின் தடவி ஆசனவாயில் வையுங்கள். 55-ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் பார்த்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். நாயின் சாதாரண வெப்பம் 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட். பிரசவத்துக்கு முந்தைய ஒரு நாளுக்குள் அது திடீரென்று 99-க்குக் கீழே இறங்கும். சினையைத் தாங்கிப் பிடித்திருந்த புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் விழுவதன் விளைவு அது. அப்புறம் மறுபடி ஏறிவிடும் என்பதால் ஒரு வேளை விட்டாலும் தவறவிடலாம். அந்த வீழ்ச்சியைப் பார்த்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 24 மணி நேரம் ஆகியும் வலி தொடங்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

முதல் கட்டத்தில் ஜூலி சாப்பிடாது, மூச்சிரைக்கும், நடுங்கும், துணியைக் கிழித்து மூலையில் சுருட்டும், சில நாய் வாந்தி எடுக்கும். இது ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம், முதல் ஈத்து நாய்க்கு ஒரு நாள் வரைகூடப் போகலாம். இதில் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை. மூச்சிரைப்பு மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஊர் வெயிலில் சினை இல்லாத நாயே இரைக்கும். இந்தக் கட்டத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டாமல் இருந்தால் போதும். பயந்த நாய்க்கு வலி நின்றுபோகும்.

கடிகாரம் தொடங்குவது இரண்டாம் கட்டத்தில். வயிறு இறுகி, முதுகு வளைந்து, மலம் கழிக்கிற மாதிரி முக்குவது கண்ணுக்குத் தெரியும். பலமாக, விடாமல் அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் வண்டியை எடுங்கள். விட்டுவிட்டு, பலவீனமாக முக்கிக்கொண்டிருந்தால் இரண்டு மணி நேரம் வரை பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு குட்டி பிறந்து, அடுத்தது உள்ளே இருக்கிறது என்று எக்ஸ்ரேயால் தெரிந்து, முக்கலே இல்லாமல் ஓய்வெடுத்தாலும் இரண்டு மணி நேரத்தில் போனில் கேளுங்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் வீட்டில் வைக்காதீர்கள். குட்டியின் ஏதாவது ஒரு பாகம் வெளியே தெரிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் மீதி வரவில்லை என்றால், அது அவசரம். உங்கள் கடிதப்படி ஜூலி பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை முக்கியிருக்கிறது. கால் தெரிவதற்கு முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

நிறத்தையும் பாருங்கள். நாயின் நச்சுக்கொடி ஓரத்தில் கரும்பச்சை நிறப் பொருள் ஒன்று உண்டு. முதல் குட்டி வந்த பிறகு பச்சையாகக் கசிவது இயல்பு. முதல் குட்டி வராமலே பச்சைக் கசிவு வந்தால், எங்கோ ஒரு நச்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட்டது, அந்தக் குட்டிக்குப் பிராணவாயு குறைகிறது என்று பொருள். அப்போது கடிகாரம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், உடனே புறப்படுங்கள். புது ரத்தமாகக் கொட்டினாலும் அப்படியே.

அடுத்து, தொழுவத்தில் இருந்த ஊசி. அது அநேகமாக, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. ஆனாலும் பால் இறங்க மாட்டுக்குப் போடுகிறார்கள் என்பதால் பெயரில்லாத குப்பிகளில் கிராமம் முழுக்கச் சுற்றுகிறது. 2018-இல் மத்திய அரசு இதற்காகவே தனியார் தயாரிப்பைத் தடை செய்யப் பார்த்தது. பிரசவித்த பெண்களின் ரத்தப்போக்கை நிறுத்தும் முக்கியமான மருந்தும் அதுதான். டெல்லி உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே தடையை ரத்து செய்தது. மருந்து கெட்டதில்லை, போடும் இடம்தான் பார்க்க வேண்டும். வழி அடைத்திருக்கும்போது அதைப் போட்டால், பூட்டிய கதவில் கூட்டத்தை நெருக்குவது மாதிரி. கர்ப்பப்பை கிழியலாம். கிழியாவிட்டாலும் விடாமல் இறுகி, குட்டிகளுக்குப் போகும் ரத்தத்தை நெரித்துவிடும். மாட்டுக்குப் போடும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட நாய்க்கு வேண்டாம். அந்தச் சிறு அளவையும் நாங்கள் எக்ஸ்ரே பார்த்து, வழி திறந்திருக்கிறது என்று உறுதி செய்து, ஸ்கேனில் குட்டிகளின் இதயத்துடிப்பைப் பார்த்த பிறகுதான் போடுவோம். குட்டியின் இதயம் நிமிடத்துக்கு 200-க்கு மேல் துடிக்க வேண்டும். 160-க்குக் கீழே போனால் ஊசி, மருந்து எதற்கும் நேரமில்லை, நேராக ஆபரேஷன் டேபிள்தான்.

ஆகவே "என்ன மருந்து வாங்கி வைப்பது" என்ற கேள்விக்கு என் பதில்: ஒன்றும் வேண்டாம். கால்சியம் மாத்திரை, டானிக்கும் வேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மருந்துக்குப் பதிலாக ஒரு டஜன் சுத்தமான பழைய டர்க்கி டவல், கொதிக்கவைத்த கத்தரிக்கோல், தையல் நூல், பொவிடோன் அயோடின், மருந்துக்கடையில் கிடைக்கும் கே.ஒய். ஜெல்லி என்ற வழவழப்பு ஜெல்லி, ஒரு நல்ல டார்ச், குட்டிகளை வைக்க ஒரு அட்டைப்பெட்டி. இவ்வளவு இருந்தால் போதும்.

சரி, குட்டி பாதி வெளியே வந்து நிற்கிறது, வண்டி இன்னும் வரவில்லை. அப்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜெல்லியைக் குட்டியைச் சுற்றித் தாராளமாகத் தடவுங்கள். வழுக்காமலிருக்க உலர்ந்த துண்டால் குட்டியின் இடுப்பையோ தோளையோ, அதாவது உடம்பை, சுற்றிப் பிடியுங்கள். தனியாகக் காலையோ வாலையோ தலையையோ பிடிக்கவே கூடாது. மூட்டு கழன்று தோல் கிழிந்துவிடும். ஜூலி முக்கும்போது மட்டும், அது நிற்கும் நிலையில் கீழ்நோக்கி, அதன் பின்னங்கால் குதிகாலை நோக்கி வளைவாக மெதுவாக வரவிடுங்கள். நேராகப் பின்னால் இழுக்கக் கூடாது, வழியே அந்த வளைவில்தான் இருக்கிறது. முக்கல் நிற்கும்போது நீங்களும் நில்லுங்கள், பிடித்த இடத்திலேயே வைத்திருங்கள். பின்னங்கால் முதலில் வந்த குட்டியின் மார்பு உள்ளே இருக்கும்போது தொப்புள்கொடி நசுங்கும், அங்கே நிமிடங்கள் முக்கியம். இரண்டு மூன்று முக்கலில் வரவில்லை என்றால் அப்படியே ஈரத் துண்டால் மூடி வண்டியில் ஏற்றுங்கள். வண்டி குலுங்குவதில் வழியிலேயே குட்டி போட்டுவிடும் நாய்களும் உண்டு, டவலும் பெட்டியும் கையோடு இருக்கட்டும்.

பிறந்த குட்டியின் பனிக்குடப் பையைத் தாய் ஒரு நிமிடத்துக்குள் கிழிக்காவிட்டால் நீங்கள் முகத்துப் பக்கமிருந்து கிழித்துவிடுங்கள். மூக்கையும் வாயையும் துடைத்து, தலை கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி பிடித்து, டவலால் முதுகை நன்றாகத் தேயுங்கள். குட்டியை இரண்டு கையிலும் பிடித்துத் தலைக்கு மேலிருந்து கீழே வீசுவார்களே, அதைச் செய்யவே செய்யாதீர்கள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும். கத்தும் வரை தேய்ப்பதுதான் வைத்தியம், பத்துப் பதினைந்து நிமிடம் தேய்த்த பிறகு மூச்சு விட்ட குட்டிகள் உண்டு. கொடியை வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி நூலால் கட்டி வெட்டி, நுனியில் அயோடின் வையுங்கள்.

குளிரை மறந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பிரசவம் மார்கழியில் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதங்களில் அடிக்கும் வறண்ட காற்று ஈரக் குட்டியை நிமிஷத்தில் சில்லிட வைத்துவிடும். முதல் வாரம் குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, பெட்டிக்குள் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். பல்பு தொங்கவிடலாம். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரத்தில் வையுங்கள், மறு ஓரம் சூடில்லாமல் இருக்கட்டும், குட்டி தானே நகர்ந்துகொள்ளும். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள், குடல் வேலை செய்யாது. முதலில் சூடு, அப்புறம் பால். சீம்பாலை முதல் நாளுக்குள் குடித்துவிட வேண்டும்.

பூனைக்கு வருகிறேன். நாய்க்குச் சொன்ன கடிகாரத்தை அப்படியே பூனைக்குப் போடாதீர்கள். பூனை பாதியில் பிரசவத்தை நிறுத்தி, பிறந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்து, சாப்பிட்டு, தூங்கி, 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரமும் தாண்டி மீதிக் குட்டிகளைப் போடுவது உண்டு. உங்கள் பெர்ஷியன் செய்தது அதுதான். யாராவது தொந்தரவு செய்தாலோ பெட்டியை இடம் மாற்றினாலோ அது இன்னும் நீளும். அந்த இடைவெளியில் பூனை நிம்மதியாக இருக்கிறதா, முக்கவில்லையா, கசிவில் துர்நாற்றம் இல்லையா என்பதே கேள்வி. நிம்மதியாக இருந்தால் விடுங்கள். ஆனால் பலமாக முக்கிக்கொண்டே அரை மணி ஆனால் பூனைக்கும் நாய்க்கும் ஒரே சட்டம்தான், கிளம்ப வேண்டும். சப்பை முகப் பெர்ஷியனுக்குக் குட்டியின் தலை பெரிது என்பதால் சாதாரண நாட்டுப்பூனையைவிட ஆபத்து அதிகம். எப்போதாவது வண்டியில் அடிபட்டு இடுப்பெலும்பு உடைந்து ஒட்டிய பூனை என்றால் சினையாக்கவே கூடாது, வழி குறுகியிருக்கும். பூனைக்கும் எக்ஸ்ரே எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கை கையில் இருந்தால் அடுத்த நாள் மத்தியானம் வரை நீங்கள் தூக்கம் கெட வேண்டியிராது.

எங்கே போவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், முக்கல் தொடங்கிய பிறகு இல்லை. உள்ளூர் மிருகாசுபத்திரியில் மாட்டுக்கான வசதிதான் பிரதானம். ராத்திரியில் சின்ன நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யும் இடம் எது என்பதை டாக்டரிடமே நேரில் கேட்டு, அவர் சொல்லும் நம்பருக்கு ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள். மேற்கே போனால் பாலக்காடு, அதையும் தாண்டினால் திருச்சூருக்குப் பக்கத்தில் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. குதிரான் சுரங்கம் திறந்த பிறகு அந்த வழி சுலபமாகிவிட்டது, ஆனாலும் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். கிழக்கே வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி. உடுமலைப்பேட்டையிலும் 2020-இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறார்கள். மாநில எல்லையை எல்லாம் நாய் பார்க்காது, எது பக்கமோ அங்கே போங்கள். ஆனால் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் நடுராத்திரியில் சின்ன நாய்க்கு ஆபரேஷன் செய்ய ஆள் இருப்பார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நம்பிப் போகாதீர்கள். போகுமுன் போன் செய்து நேரங்களைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு முக்கத் தொடங்கியது, எத்தனை குட்டி வந்தது, எத்தனை பாக்கி. அந்த நோட்டுப் பக்கம் எங்களுக்குப் பாதி பரிசோதனைக்குச் சமம்.

ஒரு தடவை ஆபரேஷன் என்றால் எப்போதும் ஆபரேஷனா? கட்டாயமில்லை, காரணத்தைப் பொறுத்தது. குட்டி கோணலாக வந்ததாலோ, நடுவில் வலி ஓய்ந்ததாலோ ஆபரேஷன் ஆன நாய் அடுத்த ஈத்தைத் தானாகப் போடலாம். இடுப்பு வழியே குறுகல் என்றால் ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். போன வருஷம் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் எழுதி வைத்த சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். தையல் போட்ட கர்ப்பப்பை என்பதால் ஜூலிக்கு நான் மேலே சொன்ன நேரங்களில் ஒரு நிமிடமும் சலுகை தர மாட்டேன்.

இந்தத் தடவையும் ஆபரேஷன் ஆனால், அதே மேஜையில் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லி நானே கேட்பேன். பால் சுரப்பு நிற்காது, குட்டிகளை வளர்க்கும். நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் 2012 முதல், இரண்டு முறை ஆபரேஷன் ஆன பெட்டையின் அடுத்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை. அவர்கள் சொல்வதால் நாம் கேட்க வேண்டும் என்று இல்லை, ஆனால் அந்த எண் நியாயமான எண். குட்டி விற்ற பணம் ஒரு ராத்திரி ஆபரேஷனுக்குக் காணாது என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். தொடர்ந்து விற்பதாக இருந்தால், 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கால்சியத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சினை நாய்க்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக்கொடுக்கும் உடம்பின் இயல்பான ஏற்பாடு தூங்கிவிடும். பால் பெருகும் நேரத்தில் திடீரென்று கால்சியம் தேவைப்படும்போது அது எழுந்திருக்காது. சின்ன இன நாய்களில் குட்டி போட்ட முதல் நான்கு வாரத்தில் வரும் ஜன்னிக்கு இதுவும் ஒரு காரணம். மாட்டுக்கு வரும் பால் காய்ச்சலும் கால்சியம் குறைவதால்தான், ஆனால் மாடு சோர்ந்து படுத்துவிடும், நாய் எதிர்மாறாக விறைக்கும். நடை கட்டை மாதிரி ஆகும், முகம் துடிக்கும், இரைக்கும், குட்டிகளைக் கவனிக்காது, காய்ச்சல் 105-க்கும் மேலே போகும், அப்புறம் வலிப்பு. இதற்கு மட்டும் நேரம் கணக்கே இல்லை. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பால் குடிப்பதை நிறுத்துங்கள், ஜூலியை அந்த நிமிடமே டாக்டரிடம் எடுத்துப் போங்கள். நரம்பில் கால்சியம் மெதுவாக, இதயத்தைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும், வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். தொழுவத்தில் மாட்டுக்கு வைத்திருக்கும் கால்சியம் பாட்டிலை இதற்கு யாரும் எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சினைக்காலத்தின் கடைசி மூன்று வாரத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் குட்டிகளுக்கான நல்ல நாய்த் தீவனத்தைக் கொடுத்தாலே போதும், வேண்டிய கால்சியம் அதிலேயே இருக்கிறது.

எக்ஸ்ரே எடுத்ததும் எண்ணிக்கையையும் ஜூலியின் எடையையும் எழுதி அனுப்புங்கள். ஒரே குட்டி என்றால் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்காமல் உங்கள் டாக்டரிடம் தேதி வாங்கிவிடுங்கள்.